நாற்பது கெஜம் கைதவறிய கூஜா

கால்பந்து ஆட்டத்தில் பந்தை உதைக்கத் தெரியாதவனுக்குத்தான் கோபம் அதிகம். என்னை வைத்தே சொல்கிறேன். என் ஆயுளில் நான் பந்தை உதைத்ததில்லை. ஒரே ஒரு முறை அது உருண்டு என் காலடிக்கு வந்தது. குனிந்து கையால் எடுத்து, தூசியைத் துடைத்துக் கொடுத்தேன். அப்படிப்பட்ட நான்தான் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஆயிரம் பேர் நடுவில், ஒரு ரெஃபரியின் மண்டையை உடைத்தேன். அது கூடப் போகட்டும். அதற்கப்புறம் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

முப்பத்தெட்டோ முப்பத்தொன்பதோ. யுத்தம் வருமா வராதா என்று பேப்பர்கள் தினமும் ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்த சமயம். எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு ஆபீஸில் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளை. (இந்த மூன்று வார்த்தைக்குள் எவ்வளவு பயம் அடங்கியிருக்கிறது என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.) மாமனார் ரிட்டையரான இங்கிலீஷ் வாத்தியார். பேப்பருக்குக் கடிதம் எழுதுவது அவருக்கு நித்திய கர்மா மாதிரி. சாக்கடை, ரயில் தாமதம், பால்காரனின் தண்ணீர், எதையும் விட மாட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் ஊர் டீமுக்கும் பொன்மலை ரயில்வே பட்டறை டீமுக்கும் வருஷத்துக்கு ஒரு ஆட்டம் திருச்சியில் நடக்கும். பொன்மலைக்காரர்கள் என்றால் ரவுடிகள் என்பது எங்களுக்கெல்லாம் பாலோடு புகட்டப்பட்ட விஷயம். ஜேபியில் இரும்பு போல்ட் போட்டுக்கொண்டு வருவார்கள். தோற்றால் ரெஃபரியின் காதைக் கடிப்பார்கள். எந்த ரெஃபரி, எந்தக் காது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எல்லாரும் சொல்றாளே" என்பார்கள். அந்த எல்லாரிலும் நான் ஒருவன். முந்தின வருஷம் அவர்கள் வந்த லாரி மேல் எங்கள் ஆட்கள்தான் கல் எறிந்தார்கள். நானே கண்ணால் பார்த்தேன். ஆனால் நாங்கள் கல் எறிந்தால் அதற்கு உற்சாகம் என்று பெயர். அவர்கள் கை தட்டினால் அது மிரட்டல்.

அன்றைக்கு நான் ஆட்டத்துக்குக் கிளம்பும்போது மாமனார் வாசல் வரை வந்தார்.

"மாப்பிள்ளை, தீர்த்தம் எடுத்துண்டேளோ? அங்கே கண்ட இடத்துல வாங்கிக் குடிக்கப்படாது. பொன்மலைப் பசங்க வேற வருவா. ஜாக்கிரதை."

தீர்த்தம் என்றால் குடிக்கிற தண்ணீர். மாமனார் வீட்டு மனிதர்கள் ஆற்றைத் தாண்டினால் கையில் கூஜா இருக்கும். வெளியில் ஒருவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பது கிடையாது. என் கையில் வந்தது கல்யாணச் சீரில் வைத்த பித்தளைக் கூஜா. திருகு மூடி, தூக்கக் கைப்பிடி, நல்ல கனம். எங்கள் வீடுகளில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டாமல் புழக்கத்துக்கு எடுக்க மாட்டார்கள். மாமனார் பெயரோடு நிற்கவில்லை. 'வீ. பார்த்தசாரதி அய்யங்கார், சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்' என்று வயிற்றைச் சுற்றி வெட்டியிருந்தார். ஸ்டாம்பு ஒட்டிப் போட்டால் கூஜா தானே வீடு வந்து சேரும்.

உலகத்தில் எத்தனையோ முட்டாள்கள் எதையெதையோ எறிந்திருக்கிறார்கள். பெயரும் விலாசமும் வெட்டிய பாத்திரத்தை எடுத்து எறிந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம். ஆளுக்கு ஒரு கோல். எங்கள் பின்வரிசைக்காரன் ஒருவன் பொன்மலைப் பையனை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினான். ரெஃபரி விசில் ஊதி, பெனல்டி கொடுத்தார். அவர் ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர், நியாயமான மனிதர். தள்ளியதை நானும் பார்த்தேன். தீர்ப்பு சரி என்று தெரிந்தது. தெரிந்ததனால்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அப்போது தண்ணீர் குடிக்க மூடியைத் திருகி எடுத்திருந்தேன். இடது கையில் மூடி, வலது கையில் கூஜா. என்னைச் சுற்றி எல்லோரும் "அநியாயம்! அநியாயம்!" என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். கத்தியது போதவில்லை. கை பின்னால் போனது, முன்னால் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் தலையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டே கூஜா பறந்தது. பந்தை நான்கு அடி தள்ளத் தெரியாதவன் எறிந்த கூஜா நாற்பது கெஜம் போய், ரெஃபரியின் இடது காதுக்கு மேல் நச்சென்று இறங்கியது. மனிதர் விசிலைக் கடித்துக்கொண்டே சாய்ந்தார்.

நான் ஓடினேன்.

செருப்பை விட்டுவிட்டு, மூடியை மடியில் செருகிக்கொண்டு, குதிரை வண்டிகள் நிற்கிற பக்கம் பார்த்து ஓடினேன். பின்னால் யாரோ கத்துகிற சத்தம். திரும்பிப் பார்த்தேன். பனியனும் காக்கி டிராயரும் போட்ட ஒரு ஆள், மாலை வெயிலில் மின்னுகிற என் கூஜாவை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் துரத்தி வந்தான். பொன்மலைக்காரன்! என் மண்டையை என் கூஜாவாலேயே உடைக்க வருகிறான்!

"ஐயோ! அடிக்க வரான்! பொன்மலை ரவுடி அடிக்க வரான்!"

இது என் குரல். என் வாயிலிருந்து வந்த வார்த்தைகள். ஸ்ரீரங்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொறுப்பான மனிதர்கள், எல்லோரும் உத்தியோகஸ்தர்கள். அந்த ஆளைச் சூழ்ந்துகொண்டார்கள். அப்புறம் கேட்ட சத்தத்தை நான் எழுதப் போவதில்லை. நான் நிற்கவில்லை. வண்டியில் ஏறி, பாலத்தைத் தாண்டி, வீட்டுக்கு வந்து, காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

"கூஜா எங்கே?" என்றாள் என் மனைவி வேதா.

மாமனாரும் எட்டிப் பார்த்தார். சத்தியமாக அந்த நிமிஷத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்.

"பொன்மலைக்காரா கலாட்டா பண்ணிட்டா. என் கையிலேர்ந்து கூஜாவைப் பிடுங்கி, ரெஃபரி மேல எறிஞ்சுட்டா."

ஒரு மூச்சில் இரண்டு பொய். மாமனார் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. பதினைந்து நிமிஷத்தில் கடிதம் தயார். 'பொன்மலை ரவுடிகளின் அட்டூழியம்; கண்ணால் கண்டவரின் வாக்குமூலம்.' எனக்கு வாசித்துக் காட்டினார். "சரியா இருக்கா மாப்பிள்ளை?" என்றார். ஒரு இடத்தில் காற்புள்ளி போடச் சொன்னேன். (பாவி! காற்புள்ளி!) அன்று ராத்திரியே தபாலில் சேர்த்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். கூஜா கிடைத்துவிட்டது, திருடனும் பிடிபட்டுவிட்டான், பெரியவர் வந்து பாத்திரத்தை அடையாளம் காட்ட வேண்டும் என்றார். மாமனார் பஞ்சகச்சம் கட்டி, கோட்டுப் போட்டு, தலைப்பாகை வைத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி கிளம்பினார். "மாப்பிள்ளை, நீங்களும் வாங்கோ. நீங்கதானே முக்கிய சாட்சி" என்றார்.

மூடி என் பெட்டிக்குள் வேஷ்டிக்கு அடியில் இருந்தது. வேதா பெட்டியைத் திறந்தால் தீர்ந்தது கதை. அதனால் அதை எடுத்துக் கோட்டின் உள் ஜேபியில் போட்டுக்கொண்டேன். பாலத்தின் மேல் போகும்போது காவேரியில் எறிந்துவிடுவதாகத் திட்டம். நான் ஏதோ மனசாட்சி உறுத்தி மூடியோடு ஸ்டேஷனுக்குப் போனேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தடயத்தை அழிக்கத்தான் போனேன். அதற்கும் துப்பில்லை. பாலம் முழுக்க மாமனார் என் தோளோடு தோள் உரசிக்கொண்டு, சட்டம் ஒழுங்கைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று மாமனாருக்கு நாற்காலி போட்டார். மேஜை மேல் கூஜா, ஒரு பக்கம் நசுங்கி. மூலையில் தரையில் அந்த ஆள் உட்கார்ந்திருந்தார். ஒரு கண் வீங்கி மூடிப் போயிருந்தது. உதடு கிழிந்திருந்தது. பனியனில் பாதி இல்லை. என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கும். பெயர் சவரிமுத்து, பட்டறையில் பாய்லர் பிரிவில் வேலை என்று இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பெரியவரே, பாருங்க. பேர், தெரு, ஊர் எல்லாம் வெட்டியிருக்கு. உங்க வீட்டுச் சாமானைத் திருடி, அதாலேயே ரெஃபரியை அடிச்சிருக்கான். அப்புறம் அதையே தூக்கிக்கிட்டு இன்னொருத்தரை அடிக்க விரட்டியிருக்கான். பொதுமக்கள்தான் மடக்கிப் பிடிச்சிருக்காங்க."

பன்னிரண்டு பேர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு மிதித்தால் பொதுமக்கள். ஒருவர் கையில் கூஜா இருந்தால் ரவுடி.

சவரிமுத்து என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "இவருதாங்க. இவருதான் எறிஞ்சாரு. நேத்துலேர்ந்து சொல்றேன்."

"வாயை மூடுறா!" என்று இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். மாமனார் பக்கம் திரும்பிச் சிரித்தார். "இதையேதான் ராப்பூரா சொல்லிக்கிட்டு இருக்கான். மீசை இல்லாத ஐயர் ஒருத்தர் எறிஞ்சாராம். ரெண்டு கொடுத்தும் நிறுத்தலை."

"இவர் எறிஞ்சார்னா, இவரை நீ ஏன் விரட்டிண்டு போனே?" என்று மாமனார் வாத்தியார் குரலில் கேட்டார்.

"விரட்டலீங்க சாமி. கொடுக்கப் போனேன். கல்யாணச் சாமான் மாதிரி இருந்துச்சு. தொலைஞ்சா வீட்டுல கேப்பாங்கல்ல? கூஜா, கூஜான்னு கத்திக்கிட்டேதான் ஓடினேன். நின்னாரா மனுசன்?"

முந்தின நாள் பின்னால் கேட்ட சத்தம் அதுதான். கூஜா, கூஜா என்றுதான் கத்தியிருக்கிறார். எங்கள் தெருப் பையன் யாராவது அப்படிக் கத்தியிருந்தால் நான் நின்று வாங்கிக்கொண்டு நன்றி சொல்லியிருப்பேன். பொன்மலைக்காரர் என்றதும் என் காதில் எதுவுமே ஏறவில்லை.

"நாளைக்குக் காலையில சங்கு ஊதுறப்ப நான் பட்டறை வாசல்ல நிக்கணுங்க" என்றார் சவரிமுத்து. அவர் கெஞ்சவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "திருட்டுக் கேசுன்னு தெரிஞ்சா சீட்டுக் கிழிச்சிருவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்கு எனக்கு. இவரு கோவத்துக்கு நான் வேலையை விடணுமா?"

அப்போதும் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. மாமனார் பேனாவை எடுத்து, கூஜா தன்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போடக் குனிந்தார். அந்தப் பேனா காகிதத்தைத் தொட்ட பிறகுதான் எனக்கு நாக்கு வந்தது.

"நான்தான் எறிஞ்சேன்."

அப்புறம் நான் சற்றும் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாமனார் கண்ணில் ஜலம் தளும்பியது.

"பார்த்தேளா இன்ஸ்பெக்டர்வாள்! மாப்பிள்ளைக்கு எப்பவுமே இளகின மனசு. அவனுக்கு ரெண்டு குழந்தைன்னதும் பழியைத் தானே ஏத்துக்கறார். இந்தக் காலத்துல யார் இருக்கா இப்படி?"

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கே."

"நிஜமாவே நான்தான் எறிஞ்சேன்!"

"உங்க கையைப் பாருங்க சார். பேனா பிடிக்கிற கை. அந்தக் கனத்துக்கு நீங்க எறிஞ்சா உங்க கால்லதான் விழும்."

அப்போதுதான் எனக்கு நிஜமான கோபம் வந்தது. முந்தின நாள் வந்தது கோபமே இல்லை, அது கொழுப்பு. பொய் சொன்னேன், உடனே நம்பினார்கள், பேப்பருக்கு எழுதினார்கள். உண்மையைச் சொன்னால் மகான் என்கிறார்கள். ஒரு மனிதர் ராத்திரி முழுக்க உண்மையைச் சொல்லி அதற்காக அடி வாங்கியிருக்கிறார். கோட்டுக்குள் கையை விட்டேன். மூடியை எடுத்தேன். மேஜை மேலிருந்த கூஜாவை இழுத்து, அதன் வாயில் மூடியை வைத்துத் திருகினேன். கூஜா நசுங்கியிருந்தாலும் மூடி மூன்று சுற்று சுற்றி, கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. மூடியின் மேலும் அதே பெயர், அதே தெரு.

"பிடுங்கிண்டு போயிட்டான்னா மூடி எப்படி என் ஜேபியில இருக்கும்? தண்ணி குடிக்கத் திறந்தேன். கோபம் வந்தது. எறிஞ்சேன். ஓடினேன். இவர் திருப்பிக் கொடுக்க வந்தார். நான் 'ரவுடி'ன்னு கத்தினேன். ஆத்துக்கு வந்து பொய் சொன்னேன். இப்பவாவது எழுதிக்கோங்கோ!"

மாமனார் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். மகானைப் பார்த்த அதே கண்தான். அதில் இப்போது இருந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. வீட்டோடு மாப்பிள்ளை என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். முன்னே எழுதின காகிதத்தைக் கிழித்தார். புதுக் காகிதம் எடுத்தார். இப்போது தாக்குதல், கலவரம் எல்லாம் என் பெயரில் வரும், வேலை போகும், ஜெயில் என்று நான் விறைத்துக்கொண்டு நின்றேன். அவர் எழுதி முடித்து வாசித்தார்:

"'ஆட்டத்தின் பரபரப்பில் பாத்திரம் கைதவறி விழுந்ததில் ஒருவருக்கு லேசான காயம்.' சரிதானே பெரியவரே? படிச்ச பையன். ஏதோ வேகம். பெரிசு பண்ண வேண்டாம். ரெஃபரிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"சரிதான், சரிதான்" என்றார் மாமனார் அவசரமாக.

அவ்வளவுதான். பொன்மலைக்காரர் எறிந்ததாக இருந்தபோது அது திருட்டு, கலவரம், கொலை முயற்சி. சித்திரை வீதிக்காரன் எறிந்தான் என்றதும் கைதவறல். எனக்குத் தண்டனை கொடுங்கள் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. ஜெயில் இல்லை என்றதும் கால் நடுக்கம் நின்றது எனக்கே தெரிந்தது. அந்தக் கால்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சவரிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "போய்யா. இனிமே மேட்ச் நடக்கிற பக்கம் உன்னைப் பார்க்கக் கூடாது" என்று இன்ஸ்பெக்டர் அவரை எச்சரித்தார். அவரை! வாசல் வரை போனவர் நின்று என் பக்கம் திரும்பினார். நான் கும்பிடக் கையைத் தூக்கினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"நாப்பது கெஜம் கைதவறுமாங்க சாமி?" என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை சங்குக்கு அவர் பட்டறை வாசலில் நின்றார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை மாமனாரின் கடிதம் பேப்பரில் வந்தது, என் காற்புள்ளியோடு. மறுப்பு எழுதச் சொல்லி அவர் காலில் விழாத குறையாகக் கேட்டேன். "அச்சானது அச்சானதுதான். குடும்ப மானம் முக்கியமா, காகிதம் முக்கியமா?" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். நானே எழுதினேன். மூன்று தடவை அனுப்பினேன். ஒன்றுகூட வரவில்லை. ரவுடிகள் அட்டூழியம் செய்தால் செய்தி. செய்யவில்லை என்றால் யார் போடுவார்கள்? பொன்மலைக்காரர்கள் கூஜாவால் ரெஃபரியின் மண்டையைப் பிளந்த கதை அந்த வருஷம் முதல் போல்ட்டுக்கும் காதுக்கும் பக்கத்தில் சேர்ந்துகொண்டது. பத்து வருஷம் கழித்து என் ஆபீஸிலேயே ஒரு புதுப் பையன் அதை என்னிடம் சொன்னான். எல்லாரும் சொல்கிறார்கள் என்றான்.

அடுத்த வருஷ ஆட்டத்துக்கு நான் வெறுங்கையோடு போனேன். எங்கள் பக்கம் உட்காரப் பிடிக்கவில்லை. பொன்மலைக்காரர்கள் பக்கம் போனேன். கூட்டத்தின் நடுவில் சவரிமுத்து இருந்தார் (இன்ஸ்பெக்டர் எச்சரிக்கையை மதித்த லட்சணம், வாழ்க!). என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்களிடம் உரக்கச் சொன்னார்:

"டேய், ஸ்ரீரங்கத்து ரவுடி வராரு. தலையைக் காப்பாத்திக்குங்க!"

அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் போய் உட்காருகிற வரை கையை எடுக்கவும் இல்லை. அன்றைக்கு வெயிலில் எனக்குத் தொண்டை காய்ந்தபோது சவரிமுத்து ஒரு தகர டம்ளரில் தண்ணீர் நீட்டினார். "கைதவறிடாமக் குடிங்க" என்றார். குடித்தேன். எனக்கு அவர் சொன்ன சமாதானம் அவ்வளவுதான். அதற்குமேல் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை.

மாமனார் அந்தக் கூஜாவைக் கடைசி வரை தொடவில்லை. பொன்மலைக்காரர் கை பட்டதாம். வேதா புளி போட்டுத் தேய்த்து எனக்கென்று வைத்துவிட்டாள். இப்போதும் கூடத்து அலமாரியில் நசுங்கின பக்கம் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் போதும், வளர்ந்துவிட்ட குழந்தைகளில்கூட யாராவது, "அம்மா! அப்பாவுக்குக் கோபம் வரது, கூஜாவை உள்ளே எடுத்து வை!" என்று கத்துவார்கள். வந்த விருந்தாளிகள் சிரிப்பார்கள். கதையைச் சொல்லச் சொல்வார்கள். வேதா சொல்வாள், நன்றாகவே சொல்வாள். முன்வரிசைக்காரர்கள் நனைந்தது, நான் செருப்பை விட்டது, காற்புள்ளி, எதையும் விட மாட்டாள். முடிவில் மட்டும், "பாவம், அந்தப் பொன்மலை ஆளை இவர்தான் போய்க் காப்பாத்தினார்" என்று முடிப்பாள்.

காப்பாற்றினேனாம்! நாற்பது வருஷமாக இந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லிச் சண்டை போடுகிறேன். இதை எழுதுகிறபோதுகூடச் சத்தமாக வாசித்துக்காட்டி, அந்த இடம் வந்ததும் கத்திவிட்டேன் போலிருக்கிறது. வேதா எழுந்து, அலமாரியிலிருந்து கூஜாவை எடுத்துக்கொண்டு உள்ளே போகிறாள்.

போகட்டும். மூடி என் மேஜை டிராயரில் இருக்கிறது. அதை நான் யாரிடமும் கொடுப்பதாக இல்லை.